துகளும் துள்ளிசையும்

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது அவர்கள் உள்ளத்தில் இருந்தவர் கம்பரோ கச்சியப்பரோ என்பதில் ஐயமில்லை. கம்பரைப்பற்றி எழுதுவார் இம்மலரிற் பலர் உளர். ஆகலின் எவருந் தொடாத பொருளொன்றைத் தேடினோம். அணுவின் உள்ளே கிடக்கும் துகள்களும், பொப்பிசை எனவும் துள்ளிசை எனவும் வழங்கும் பாட்டும் எமக்குத் தென்பட்டன. முன்னையது தமிழாசிரியனுக்கு விளங்காது என்பர். பின்னையது தமிழாசிரியனுக்கு அடாது என்பர். விளங்காததையும் அடாததையும் ஒரே கட்டுரையில் எடுத்துக்கொண்டால் வரும் பழி ஒருமுறையோடு தீரும் என்னுந் துணிவினால் இதனை எழுதலாயினோம். பௌதிகவியல் ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் சினவாது வாசிப்பாராக.

முதலில் துகளை நோக்குவாம். அணுவென்பது பகுக்க ஒண்ணாதது என்றே மேனாட்டார் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டார். 1911இல் இரதபோட் அணுவின் நடுவே கருவொன்று உண்டென நிறுவினார். 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டார். இலத்திரன், புரோத்தன், நியூத்திரன் என மூன்று. முத்தமிழ்போல் எண்ணவும் எளிது. பரீட்சையில் எழுதவும் எளிது. ஐதரசன் அணுவொன்றை நம் கல்லூரி விளையாட்டுத் திடலளவாகப் பெருப்பித்தால், அதன் நடுவிலுள்ள புரோத்தன் ஒரு கடுகளவே இருக்கும். எஞ்சிய இடமெல்லாம் வெறுவெளி. இவ்வளவோடு ஆராய்ச்சி நின்றிருப்பின் மாணவருலகம் விஞ்ஞானிகளை வாழ்த்தியிருக்கும்.

அவர்களோ நின்றாரல்லர். அதே 1932இல் இலத்திரனை நிறையால் ஒத்து மின்னேற்றத்தால் மாறுபட்ட பொசித்திரன் வந்தது. 1930களின் பிற்பகுதியில் மியூவன் வந்தது. அது நடையால் இலத்திரனே, நிறையால் மட்டும் ஏறக்குறைய 200 மடங்கு. இதனை யார் கொண்டுவரச் சொன்னார் என இரபி என்னும் பௌதிகவியலார் கேட்டாராம். பந்தியில் இருப்பவன் தான் கேளாத பண்டமொன்று இலையில் வந்து விழுந்தாற் கேட்கும் கேள்வி அது. 1947இல் பையன் என்னுந் துகள் அகப்பட்டது. (பெயர் கண்டு மயங்கற்க, அது நம் வீட்டுப் பையனன்று. ஆயினும் வந்தவுடன் ஓடி மறையும் இயல்பில் இருவரும் ஒப்பர்.) அதன் பின்னர்த் துகள்கள் பல பத்துக்களாகப் பெருகின, ஆய்வுகூடங்கள் மிருகக்காட்சிச்சாலை போலாயின.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கு இடமில்லையென எண்ணுவோர் ஒரு பெயரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய் 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்திற் புவிச்சரிதவியல் கற்று மீண்டு, இலங்கைக் கனிப்பொருள் அளவை நிலையத்தின் முதற் பணிப்பாளராய் இருந்தவர். சபரகமுவையில் இரத்தினக் கல் அகழ்வோர் பயனில்லையென எறிந்துவந்த சிறிய கருங் கனசதுரக் கற்களை அவர் 1904இல் ஆராய்ந்தார். அக்கல்லே தோரியனைற்று எனப் பெயர் பெற்றது, கதிர்வீசும் இயல்பினது. அது கப்பலேறி இலண்டன் சென்றது. அங்கே இராம்சே என்பாரின் ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒட்டோ கான் என்னும் ஜேர்மானிய இளைஞர், அக்கல்லிலிருந்து பிரித்த உப்பை ஆராயப் புகுந்து, 1905இற் கதிர்த்தோரியம் என்னும் புதுப்பொருளைக் கண்டறிந்தார். இரசாயனம் கற்றுத் தொழிற்சாலையொன்றிற் சேர நினைத்திருந்தவரைக் கதிரியக்கத்துறைக்கு இழுத்தது நம் நாட்டுக் கல்லேயாகும். அதே கான் 1938இல் ஸ்திராஸ்மனோடு கூடி யுரேனியக் கரு பிளவுபடுதலைக் கண்டார். பின்னர் நிகழ்ந்ததை உலகம் அறியும். பலாங்கொடைப் பக்கத்துக் கல்லொன்று இத்துணைத் தொலைவு உருண்டது.

குமாரசுவாமியை யாம் இங்கே அழைத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1909இல் அவர் வெளியிட்ட தேசியக் கட்டுரைத் தொகுதியிற் கிராமபோனைக் கண்டித்து ஒரு தனிக் கட்டுரை இருக்கிறது. பொறியிற் பதிந்து ஊரூராய் விற்கப்படும் பாட்டு, குருவின் வாய்க்கேட்டுக் கற்கும் பாட்டைக் கெடுக்கும் என்பது அவர் அச்சம். ஆகவே துகளுலகுக்குக் கதவு திறந்த கைகளுள் ஒன்றே பொப்பிசையின் வாயிலை அடைக்கவும் முயன்றது. அவ்வாயில் அடைபடவில்லை. 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல் சிவநடனத்தின் பெயரையே தாங்கியது. 2004ஆம் ஆண்டு ஆனித் திங்களில், செனீவாவை அடுத்த சேர்ண் என்னும் ஐரோப்பியத் துகளாய்வு நிலையத்தில், இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய இரண்டு மீற்றர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. இதனை வைத்துக்கொண்டு, சேர்ண் விஞ்ஞானிகள் கண்டதெல்லாம் தில்லைவாழ் அந்தணர் முன்னரே அறிந்தவை என மேடையில் முழங்குவாரும் உளர். சைவத்துக்கு அத்தகைய துணை வேண்டுவதில்லை. திருக்குறளைப் புகழ்ந்த பழம்பாட்டில் அணு வருவதனால் நம் முன்னோர் அணுகுண்டு செய்யத் தெரிந்தும் கருணையாற் செய்யாது விட்டனர் என வாதிப்பதும் இவ்வகையினதே.

இனி இலக்கணத்துக்கு வருவாம். அங்கேதான் எமக்கு நிலம் கால்களின் கீழ் உறுதியாய் இருக்கிறது. 'பாட்டிக்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தொழில் உண்டு. அணுவின் உள்ளுறுப்பைக் குறிப்பதும் அதுவே. இலக்கணத்தில் நாம் இடைச்சொல் என்பதைக் குறிப்பதும் அதுவே. இடைச்சொல்லைப் பழைய மாணவர் மறந்திருக்கலாம். ஏ, ஓ, உம், மன், கொல் முதலியவை அவை. பெயருமன்று, வினையுமன்று. தமக்கெனத் தனிநடை இல்லாதவை. பெயரையோ வினையையோ சார்ந்து நின்றே தொழில் செய்வன. ஏகாரத்தைப் பிரித்தெடுத்துக் கரும்பலகையில் எழுதினால் அங்கே இருப்பது எழுத்து, இடைச்சொல் மறைந்துவிடும்.

புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்கு என்னுந் துகளின் இயல்பும் இதுவே என அறிந்தபொழுது யாம் பெற்ற மகிழ்ச்சி சிறிதன்று. 1964இல் மரி கெல்-மான் என்பாரும், அவரைச் சாராது ஜோர்ஜ் சுவைக் என்பாரும், பல்கிப் பெருகிய துகள்களுட் பெரும்பாலன சில மூலத்துகள்களின் சேர்க்கையே என விளக்கினர். புரோத்தனில் மூன்று குவார்க்குகள், நியூத்திரனிலும் மூன்று. ஆயின் ஒரு குவார்க்கைத் தனியே எடுத்து எவரும் கண்டதில்லை. இரண்டு குவார்க்குகளைப் பிடித்து இழுத்தால் அவற்றைப் பிணைக்கும் விசை தூரத்தோடு தளர்வதில்லை. காந்தத் துண்டுகள் விலக விலகப் பற்று குறையும். குவார்க்குகளோ விலக விலகப் பற்றை விடா. மேலும் மேலும் வலிந்து இழுத்தால், இழுப்பதிற் செலவான சக்தியே புதிய குவார்க்கு இணையாக மாறி, அறுந்த முனைகளில் வந்து ஒட்டிக்கொள்ளும். தனியனைப் பெற முயன்றவன் இரண்டு குடும்பங்களைப் பெற்று மீள்வான். இடைச்சொல் தனித்து நடவாது என்ற தொல்காப்பியர் இதைக் கருதிச் சொன்னாரென்று யாம் சொல்லவில்லை. முந்திய பந்தியிற் பிறரைக் கண்டித்துவிட்டு ஈண்டு நாமே அதைச் செய்தல் ஆகாது. விளக்குதற்கு ஏற்ற உவமை நம் கையிலேயே கிடக்கிறது என்று மட்டுஞ் சொல்வோம்.

குவார்க்கு என்னும் பெயர் பிறந்த வகையுங் கேட்கத்தக்கது. கெல்-மானுக்கு முதலில் அகப்பட்டது ஒலி மட்டுமே, பொருளில்லாத ஒலி. பின்னர் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜோய்ஸ் 1939இல் வெளியிட்ட நாவலொன்றில் அதனையொத்த சொல்லைக் கண்டு எழுத்துக்கூட்டலை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். அந்நாவலோ முழுவதும் விளங்கியவர் எவரென்று இன்றும் தேடப்படுவது. சுவைக் தம் துகளுக்குச் சீட்டாட்டத்திலிருந்து 'ஏஸ்' எனப் பெயரிட்டார், அப்பெயர் நிலைக்கவில்லை. பொருளுள்ள பெயர் தோற்றது. பொருளில்லாத பெயர் வென்றது. துள்ளிசையை வெறுப்போர் இதனைக் குறித்துக்கொள்க.

குவார்க்குகளில் ஆறு வகை உண்டு. அவற்றை ஆங்கிலத்தில் 'சுவை' என்றே சொல்வர். கெல்-மானும் பிரிட்சு என்பாரும் ஐஸ்கிறீம் கடையொன்றைக் கண்டு அப்பெயரை எடுத்தனர் என்பது வழக்கு. அறுசுவை நம்முடையதன்றோ! ஆயினும் கைப்பு, புளிப்பு, கார்ப்பு என்னும் பெயர்களை அவர்கள் அறியாமையாற் சுவைக்குச் சம்பந்தமேயில்லாத பெயர்களை இட்டனர். அவற்றை யாம் இவ்வாறு தமிழ்ப்படுத்துவோம்: மேல், கீழ், விந்தை, கவின், அடி, உச்சி. புரோத்தன் இரண்டு மேலும் ஒரு கீழும். நியூத்திரன் இரண்டு கீழும் ஒரு மேலும். கவின் 1974இல் அகப்பட்டது, அடி 1977இல், உச்சி 1995இல். உச்சிக் குவார்க்கு ஒன்றன் நிறை ஒரு தங்க அணுவின் முழு நிறைக்கு அணித்தாயது. அத்துணைப் பாரத்தை அத்துணைச் சிறிய இடத்தில் வைத்த திறத்தை வியப்பதா, மேலுக்கும் உச்சிக்கும் வேறுபாடு வைத்த பெயரீட்டை நோவதா என்பது மாணவர்க்குள்ள இடர். இவற்றுக்கு நிறமும் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. கண்ணாற் காணும் நிறமன்று. மின்னேற்றம்போல் இது வேறோர் ஏற்றம். பெயரைக் கேட்டுப் பொருளை ஊகிப்பவன் பௌதிகவியலில் நிச்சயமாகத் தோற்பான். கெல்-மான் 1961இல் தம் முன்னைய வகைப்பாட்டுக்குப் புத்தர் பெருமானின் எண்வகை மார்க்கத்தின் பெயரையே இட்டார்; அதனை வாசித்த பிக்குமார் யாது நினைத்தனரோ!

துகள்களின் குணத்தால் இன்னொரு பெரும் பிரிவு உண்டு. பேர்மியன், போசன் என இரண்டு. நம்மூரில் இதனை விளக்கக் கரும்பலகை வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியைப் பாருங்கள்: ஓரிலைக்கு ஒருவரே. எத்துணை நெருங்கிய உறவினராயினும் ஓரிலையில் இருவர் அமரார். இடம் நிறைந்தால் மற்றையோர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பர். அதுவே பேர்மியன். இலத்திரனும் குவார்க்கும் இவ்வினம். பொருள்கள் ஒன்றுள் ஒன்று புகுந்து மறையாமல் தத்தம் இடத்தைப் பிடித்திருப்பதற்கு இப்பந்தி ஒழுங்கே காரணம். இனி நீர்வேலிக் கந்தசுவாமி கோயில் தேர் வடத்தைப் பாருங்கள். ஒருவர் பிடித்த வடத்தையே மற்றவரும் பிடிப்பர். கூட்டங் கூடக் கூட இன்னும் பலர் வந்து சேர்வர். எல்லாரும் ஒரே திசையில் ஒரே மூச்சில் இழுப்பர். அதுவே போசன். ஒளித்துகள் இவ்வினம். லேசர் கதிர் என்பது கோடானுகோடி ஒளித்துகள்கள் ஒரே வடத்தைப் பிடித்து இழுப்பதன்றி வேறில்லை. இவ்வொழுக்கத்தை 1924இற் கண்டு ஐன்ஸ்ரைனுக்கு எழுதியவர் டாக்காவில் விரிவுரையாளராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ். அவர் பெயரால் இவ்வினத்துக்குப் பெயரிட்டவர் டிராக். போஸ் எஸ்ராஜ் என்னும் வில்லிசைக் கருவியை விரும்பி வாசித்தவர். எஸ்ராஜ் கேட்க எமக்கு வாய்த்ததில்லை. ஆயினும் போசனின் தந்தை இசைவாணராயும் இருந்தமை எம் வாதத்துக்கு நல்ல சாட்சி.

வாதம் யாதெனின், துள்ளிசையைப்பற்றியது. பொப் என்பது மக்கட்கு உவப்பானது என்னும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்ட குறுக்கம். தமிழகத்தார் பாப் என்பர். நாம் பொப் என்போம். ஈழத்திலே தமிழ்ப் பொப்பிசை 1960களின் பிற்பகுதியில் தலையெடுத்தது. போர்த்துக்கேயர் காலத்து வேர்களையுடைய பைலா இசை தென்னிலங்கையில் முன்னரே பரவியிருந்தது. அதன் துள்ளல் நடையைத் தமிழ்ச் சொல்லோடு கூட்டியவர்களுள் முன்னிற்பவர் நம் அயலூராகிய உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். விவசாயக் கல்வி கற்றவர். அவர் பாடிய 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே அமைந்தது. மேடைத் தமிழில் அமைந்திருப்பின் அது ஊர்ச் சந்தியைக் கடந்திராது. ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுசென்றார். தமிழகத்துத் திரைப்படங்களிலும் நடித்து 2018இற் சென்னையிற் காலமானார்.

பெரியோர் இப்பாடல்களை எதிர்த்த வரலாறும் பழையது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர், திரைப்பாடல் இரசனையைக் கெடுக்கும் எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அது ஒலியாதொழிந்தது. மக்கள் யாது செய்தனர்? முள்ளைச் சிறிது திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். நம் நாட்டு வானொலி இந்தியாவெங்கும் புகழ் பெற்றமைக்கு அமைச்சரின் சங்கீத பக்தி பெருங் காரணம். ஐந்தாண்டு கழித்து, 1957இல், இந்திய வானொலியும் விவித பாரதி என ஒரு சேவையைத் தொடங்கி மெல்லிசைக்கு இடங்கொடுக்க நேர்ந்தது. தடுத்த பொருள் வேறு வாயிலால் வருதல் இயல்பு.

பொப்பிசையின்மேற் சாட்டப்படும் முதற் குற்றம், பொருளற்ற ஒலிகளால் அது நிரம்பியது என்பதே. லாலலா, பபபா என்பவற்றில் யாது பொருள் என்பர். நன்று, ஓடக்காரனின் ஏலேலோவில் யாது பொருள்? நாற்று நடுவோரின் தன்னானேயில் யாது பொருள்? இடையியலைப் புரட்டிப் பார்த்தால், பொருள் தராது சொல்லோடு அசைத்து நிற்பதற்கு அசைநிலை என்றும், இசையை நிறைப்பதற்கே வருவதற்கு இசைநிறை என்றும் ஆசிரியர் முறையே பெயரிட்டு இடமளித்திருத்தல் காணலாம். துள்ளிசைக்காரனின் லாலலா இசைநிறை. அவனுக்கு விதி உண்டு. (பாட்டு முழுவதும் இசைநிறையாகவே இருப்பின் என் செய்வது என்று கேட்பவர்க்கு எம்மிடம் மறுமொழி இல்லை, அத்தகைய பாடல்களும் பருத்தித்துறை வீதிப் பேருந்துகளில் ஒலிக்கின்றன.)

இரண்டாங் குற்றம், இப்பாடல்கள் நிலையா என்பது. இவ்வாண்டு எல்லார் வாயிலும் இருப்பது வருமாண்டு மறைந்துபோம் என்பர். துகளுலகில் இதனினும் கொடுமை உண்டு. தனித்து விடப்பட்ட நியூத்திரன் ஏறக்குறைய கால்மணி நேரம் வாழும். மியூவன் ஒரு நொடியின் பத்திலட்சத்தில் இரண்டு பங்கு. 1952இற் சிக்காகோவில் பேர்மியின் குழுவினர் கண்ட டெல்ரா என்பதன் ஆயுளோ, ஒரு நொடியைக் கோடியாற் பகுத்து, அப்பங்கை மீண்டுங் கோடியாற் பகுத்து, மூன்றாம் முறையுங் கோடியாற் பகுத்து, வந்ததை ஆயிரமாக்கி, அவற்றுள் ஐந்தாறு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதனை எப்படிக் கண்டனர்? இங்கேதான் இசை உதவிக்கு வருகிறது. ஒரே சுருதியிற் கூட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றையது தொடாமலே அதிரும். இதற்கு நம் பாடநூல்கள் இட்ட பெயர் பரிவு. தமிழகத்தார் ஒத்ததிர்வு என்பர், அதுவும் பிழையன்று, ஆயினும் ஒன்றன் துடிப்புக்கு மற்றொன்று துடிப்பதைப் பரிவு என்றவர் வாயிற் சர்க்கரை போடல் வேண்டும். பையன் துகளைப் புரோத்தன்மேல் எறிந்து, எறியும் சக்தியைச் சிறிது சிறிதாக ஏற்றிச் செல்ல, ஒரு குறித்த அளவில் மோதல் திடீரெனப் பெருகும்; அதற்கு மேலுங் கீழுங் குறையும். சுருதி சேர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அவ்விடத்தில் ஒரு துகள் பிறந்து மறைந்தது என்று கணிப்பர். அத்தகைய குறுவாழ்வுத் துகளுக்குப் பரிவு என்றே பெயர். 2012 ஆடி 4ஆம் நாள் சேர்ண் அறிவித்த ஹிக்ஸ் போசனும் கணக்குவரைபிற் கண்ட இத்தகையதொரு சிறு மேட்டினாலேயே அறியப்பட்டது. இனிப் புரோத்தனை நோக்குக. அது சிதைந்ததை இன்றுவரை எவருங் கண்டிலர். தியாகராசர் கீர்த்தனைபோல் அப்படியே இருக்கிறது. ஆயினும் புரோத்தனை மட்டுங் கற்றவன் துகளியல் கற்றவனாகான்.

துகளும் பொப்பிசையும் நேரே சந்தித்ததும் சேர்ணிலேயே. 1990இல் அந்நிலையத்துச் செயலாளப் பெண்ணொருத்தி, தன் காதலராகிய விஞ்ஞானி இரவும் பகலும் மோதுபொறியின் காவல்முறையிற் கிடந்து தன்னை மறந்தமை கண்டு நொந்து, அங்கே கணினிப் பணியிலிருந்த சில்வானோ டி செனாரோ என்பாரைப் பாட்டொன்று எழுதித்தரும்படி கேட்டாள். தோழியரோடு அரங்கேறிப் பாடினாள். அவர்கள் தமக்கிட்ட 'லே ஒறிபிள் சேர்னெற்' என்னும் பெயரின் முதலெழுத்துக்கள் எல்.எச்.சி.; பின்னர் அங்கு அமைந்த மாபெரும் மோதுபொறியின் முதலெழுத்துக்களும் அவையே. 1992இல் உலகவலை தொடங்கிய புதிதில் அதில் ஏறிய மிக முற்பட்ட நிழற்படங்களுள் ஒன்று இப்பாடகியரின் படம்.

இனி இவ்வகப்பாட்டுக்குத் துறை வகுப்பாம். தலைவன் பிரிந்தான், தலைவி புலந்தாள், இவ்வளவுந் தெளிவு. பிரிவு எவ்வகையது? ஆராய்ச்சிக்கெனப் பிரிந்தமையின் ஓதற்பிரிவு என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின் கல்விக்குப் பிரியுங் காலம் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்னுந் தொல்காப்பிய வரையறை குறுக்கிடும். மாபெரும் மோதுபொறிக்கு இசைவு கிடைத்தது 1994இல். அது முதன்முதல் இயங்கியது 2008இல். ஹிக்ஸ் துகள் ஏட்டில் முன்மொழியப்பட்டதிலிருந்து கண்ணுக்கு அகப்பட நாற்பத்தெட்டு ஆண்டு. எந்தத் தலைவி ஆற்றியிருப்பாள்? சம்பளம் பெற்றமையின் பொருள்வயிற் பிரிவு என்பர் வேறொருசாரார். ஆராய்ச்சியாளர் சம்பளத்தை அறிந்தோர் அதனை ஒப்பார். எம் கருத்து வேறு. தலைவன் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. அதே ஊரில், நிலத்துக்குக் கீழே, வட்ட வடிவாய்க் கிடக்கும் ஒருத்தியிடம் இராப்பொழுதைக் கழித்துவிட்டு விடியலில் வீடு திரும்புகிறான். இது மருதம், பரத்தையிற் பிரிவு, பரத்தை மோதுபொறி. அவள் அழகை மறுத்தற்கில்லை: இன்றுள்ளவளின் சுற்றளவு 27 கி.மீ.; யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் புறப்பட்டவன் வழியிற் பெரும்பகுதியைக் கடந்துவிடுந் தொலைவு. அதனைப் புரோத்தன் நொடிக்கு ஏறக்குறைய 11,000 முறை சுற்றும்.

2008இற் பொறி இயங்கத் தொடங்கிய காலத்தில் கேற் மக்அல்பைன் என்னும் இளம் எழுத்தாளர் அதன் அமைப்பையும் நோக்கத்தையும் 'ராப்' பாட்டாக்கிச் சுரங்கத்துள்ளேயே ஆடிப்பாடிப் படமாக்கினார். பல இலட்சம் பேர் பார்த்தனர். பாட்டில் விஞ்ஞானப் பிழை இல்லையென விஞ்ஞானிகளே ஒப்பினர். மாபுலவர் பலர்க்கும் கிட்டாத சான்றிதழ் அது. பொறியோ தொடங்கி ஒன்பதாம் நாளே பழுதுற்றது; பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1990களில் ஆங்கிலப் பொப்பிசைக் குழுவொன்றில் விசைப்பலகை வாசித்த பிரையன் கொக்ஸ் பின்னர் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் துகளியற் பேராசிரியரானமையும் இங்கு நினைக்கத்தக்கது. பாட்டுக் கேட்டாற் படிப்புக் கெடும் என்போர் அவருக்குக் கடிதம் எழுதலாம்.

இவ்வளவும் நகைச்சுவை. நகைக்கவொண்ணாத இடமொன்றும் உண்டு; அதனைச் சொல்லாது விடுதல் தமிழாசிரியன் கடமையன்று.

நியூத்திரினோ என்று ஒரு துகள். மின்னேற்றமில்லை, நிறை மிகமிகச் சிறிது, எதனோடுங் கலவாது எதனையும் ஊடுருவிச் செல்வது. ஞாயிற்றிலிருந்து வரும் நியூத்திரினோக்களுள் நொடிதோறும் ஏறக்குறைய 6,500 கோடி நம் பெருவிரல் நகத்தளவான இடத்தினூடு செல்கின்றன, நகத்துக்குத் தெரிவதில்லை. 1930இல் இதனை ஊகித்த பௌலி இதற்கு நியூத்திரன் என்றே பெயரிட்டார். ஈராண்டின் பின் சட்விக் கண்ட பாரமான துகள் அப்பெயரை எடுத்துக்கொள்ளவே, சிறுமைப் பொருள் தரும் இத்தாலிய விகுதியைச் சேர்த்து இதனை நியூத்திரினோ என்றனர். ஆகவே குழப்பம் கருவிலேயே உண்டாயிற்று. 1965இல், கோலார் தங்கச் சுரங்கத்தில், நிலத்தின் கீழ் இரண்டேகால் கி.மீ.க்கும் கூடிய ஆழத்தில், இந்திய, ஆங்கிலேய, யப்பானிய விஞ்ஞானிகள் கூடி, வளிமண்டலத்திற் பிறந்த நியூத்திரினோவின் சுவட்டை உலகில் முதன்முதற் கண்டோருள் இடம்பெற்றனர். அச்சுரங்கத்தில் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

அதன்பின் தமிழகத்துத் தேனி மாவட்டத்தில், பொட்டிப்புரத்தை அடுத்த மலையைக் குடைந்து, 50,000 தொன் இரும்பைக் கொண்ட நியூத்திரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டனர். 2015 தையில் இந்திய நடுவண் அரசு இசைவளித்தது. ஊரவர் எதிர்த்தனர். மலை உடைபடும், நீர்நிலை கெடும், காட்டுவிலங்கின் வழி தடைப்படும் என்று அவர் எழுப்பிய கேள்விகள் மதிக்கத்தக்கவை, விடை வேண்டுபவை. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் இசைவின்மையைத் தெரிவித்தது. அவ்வழக்கில் யார் பக்கம் நீதி என்று சொல்ல யாம் வரவில்லை. எமக்கு வருத்தம் தந்தது வேறு. நியூத்திரினோவையும் நியூத்திரனையும் ஒன்றெனக் கொண்டு, நியூத்திரன் குண்டை நினைந்து, அஞ்சவேண்டாததற்கு அஞ்சியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். நகத்தினூடு நாள்தோறுஞ் செல்வதை ஊருக்குள் வரவிடோம் என்றனர். அவர்களைப் பழித்தல் நெறியன்று. இரண்டையும் வேறுபிரித்துக் காட்டுஞ் சொல்லை அவர்கள் கேட்கும் தமிழில் எவர் முன்கூட்டிக் கொடுத்தார்? சரியான கேள்வியும் தவறான அச்சமும் ஒரே சொல்லுக்குள் முடங்கிக் கிடந்தன. மறுப்போர்க்கு விடையளிக்க வந்தவர் தவறான அச்சத்துக்கு மட்டும் விடை கூறிச் சரியான கேள்வியைக் கடந்து செல்லவும் அதுவே வழிசெய்தது.

இத்துறையில் யாழ்ப்பாணத்தார்க்கு ஒரு மரபு உண்டு. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் பெயர்த்தார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். இலத்திரன் என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்க. எலக்ட்ரான் என்று எழுதினாற் ககரமெய்யின் பின் டகரம் வந்து மெய்ம்மயக்க விதியை முறிக்கும், இலத்திரன் அவ்வாறன்று, சித்திரன், மித்திரன் என்பனபோல் நாவில் நடக்கிறது. அத்தொகுதிகளுக்குப் பின் வந்த துகள்களுக்கு அத்துணை அக்கறையோடு பெயர் சூட்டுவார் இலர். தமிழகத்தில் நியூத்திரனை நொதுமி என்றும் நியூத்திரினோவை நுண்ணொதுமி என்றும் சிலர் வழங்குகின்றனர். நொதுமல் என்பது பகையும் உறவுமல்லாத அயன்மை. சங்கப் பாடல்களில் நொதுமலர் பெண்கேட்டு வருதலும் உண்டு. எதனோடும் உறவாடாது செல்லுந் துகளுக்கு இதனினும் பொருத்தமான வேர்ச்சொல் கிடைத்தல் அரிது. எனினும் நொதுமி, நுண்ணொதுமி என அடுத்தடுத்து நின்றால் பழைய குழப்பமே தமிழிலும் வரும். ஒன்றை நொதுமி என்றும் மற்றையதை முற்றிலும் வேறாய் ஊடுருவி என்றோ அதுபோல வேறொன்றாகவோ வைத்தல் நலமென எமக்குப் படுகிறது.

நம் பழைய மாணவருட் பலர் கொழும்பிலும், இலண்டனிலும், தொறொன்ரோவிலும், மெல்பேணிலும் விஞ்ஞானத் தொழில் பார்க்கின்றனர். அவர்கள் இம்மலருக்கு அனுப்பிய வாழ்த்துரைகள் தனியே அச்சாகியுள்ளன. அடுத்த மலருக்கு வாழ்த்துரையோடு ஆளுக்கொரு கலைச்சொல்லும் அனுப்புவாராக. குவார்க்கின் ஆறு சுவைக்கும் யாம் மேலே இட்ட பெயர்களைத் திருத்தவும் உரிமை தந்தோம். அடியும் உச்சியும் போகலாம்; விந்தையும் போகலாம்; கவினை மட்டும் விட்டுக்கொடுக்க எமக்கு மனமில்லை.